நிறம் பார்த்து அடிப்பது: மூன்று வீட்டுச் சாமான்கள் செய்து கொல்லுவேலை பழக முழுமையான வழிகாட்டி

சுத்தியல் எத்தனை கிலோ, பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் அடிக்கட்டி) எங்கே கிடைக்கும் என்றுதான் கொல்லுவேலை பழக நினைக்கிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: இரும்பு எந்த நிறத்தில் இருக்கும்போது அடிக்கலாம், எந்த நிறத்துக்கு வந்ததும் கையை நிறுத்த வேண்டும் என்பது. புதிதாகப் பழகுகிறவர் கையில் கெட்டுப்போகிற துண்டுகளில் பெரும்பாலானவை ஆறிய பிறகும் அடித்ததால் கெட்டவை. மற்றவை உலையில் போட்டு மறந்ததால் எரிந்தவை. கை பலம் குறைவு என்பதால் கெடுவது அபூர்வம்.

இந்த வழிகாட்டியில் மூன்று பொருள்கள்: எஸ் கொக்கி, தோசைத் திருப்பி, இரும்பு வெட்டும் உளி. கொக்கியில் நீட்டவும் வளைக்கவும் பழகலாம், திருப்பியில் பரப்பப் பழகலாம், உளியில் தோய்ச்சல், அதாவது காய்ச்சிய எஃகைச் சட்டென்று ஆற்றிக் கடினமாக்குவது. பாராங் (பெரிய வெட்டுக்கத்தி) அடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களும் உளியை முடித்துவிட்டே அதற்குப் போகட்டும். தோய்ச்சல் தெரியாமல் அடித்த பாராங் முதல் தேங்காயிலேயே மடங்கும், அல்லது விரிசல் விடும்.

இடம்

இங்கே மலேசியாவில், பினாங்கில் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பட்டடைச் சத்தம் நான்கு வீடு தாண்டிக் கேட்கும். தீவில் வரிசை வீட்டில் இருப்பவர்கள் இதை வீட்டில் செய்யாமல் இருப்பதே நல்லது. எதிர்க்கரையில் செபராங் பிறைப் பக்கம் சொந்தக்காரர்களின் கம்போங் (கிராமத்து) வீடோ, தெரிந்தவர் ஒர்க்‌ஷாப்பின் பின்கட்டோ கிடைத்தால் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் முடித்துவிடலாம். அண்டை வீட்டுக்கும் தொந்தரவு இல்லை, உங்களுக்கும் தலைச்சுற்றல் வராது.

கூரை கட்டாயம் வேண்டும், சுவர் வேண்டாம். கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மூடிய ஸ்டோர் அறையில் உலை மூட்டவே கூடாது. கூரை மழைக்கு மட்டும் இல்லை, நிழலுக்கும்தான். நேர் வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. இரும்பு கருப்பாகத்தான் இருக்கிறது என்று நினைத்து மேலும் மேலும் காய்ச்சி எரித்துவிடுவீர்கள். ஜிங்க் கூரையின் நிழல், வெயில் படாத திசை, எப்போதும் ஒரே இடம். இப்படி இருந்தால் கண் சீக்கிரம் பழகும்.

தரை சிமெண்டாக இருந்தால் உலையைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்புங்கள். சூடான இரும்பு விழுந்தால் ஈரம் குடித்த சிமெண்ட் வெடித்துச் சில்லு பறக்கும்.

உலை

முதல் உலைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு எடுத்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பெட்டியை இடித்து நிரப்புங்கள். நடுவில் மேல்வாய் 15 செ.மீ. அகலமும் 12 செ.மீ. ஆழமும் உள்ள குழி எடுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவர் வழியாகக் காற்றுக் குழாய் வர வேண்டும். அதன் வாய் குழியின் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், 2 செ.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கட்டும். குழியின் இரு பக்கமும் ஒவ்வொரு செங்கல்லைப் படுக்க வையுங்கள். கரியைக் குவித்துப் போட அவைதான் தாங்கல்.

குழாய் 25 மி.மீ. உள்விட்டமுள்ள கருப்பு இரும்புக் குழாயாக இருக்க வேண்டும். நீளம் 60 செ.மீ. வீட்டுத் தண்ணீருக்குப் போடும் வெள்ளி நிறக் குழாயை எடுக்காதீர்கள். அதில் பூசியிருப்பது துத்தநாகம். அது 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும், உலை அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல், உடல்வலி, குமட்டல் எல்லாம் வரும். பூச்சுப் போட்ட போல்ட், சங்கிலி, வேலிக் கம்பி எதுவும் உலைப் பக்கமே வரக்கூடாது.

மண் நன்றாகக் காய ஒரு வாரமாவது விடுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் இன்னும் கூடுதலாக ஆகும். முதல் நாள் சின்னத் தீ மூட்டி, மண்ணிலிருந்து ஆவி வருவது நிற்கும்வரை காய வைத்த பிறகே முழுக் காற்று கொடுங்கள்.

துருத்திக்குப் பதில் பழைய ஹேர் டிரையர் போதும். சூடில்லாத காற்றில் வைத்து, வாயைக் குழாயோடு ஒட்டாமல் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் காற்றும் கூடும், குறையும். ஒட்டி வைத்தால் காற்று அளவுக்கு மிஞ்சும், கரி வீணாகும், இரும்பின் மேல் செதில் (சூட்டில் காற்றுப் பட்டு உண்டாகும் கருந்தோல்) தடித்துப் படியும். வேலை முடிந்து காற்றை நிறுத்தியதும் ஹேர் டிரையரைத் தூர எடுத்து வைத்துவிடுங்கள். உலைச் சூடு குழாய் வழியாகத் திரும்பி வந்து பிளாஸ்டிக்கை இளக்கும்.

கரி விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். பேராக்கில் குவாலா செபெத்தாங் சூளைகளில் சுடும் பாக்காவ் (அலையாத்தி மரம்) கரி இங்கே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. கனமான கரி, பற்றக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பற்றினால் நின்று எரியும். எலுமிச்சை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள். தூள் காற்றை அடைக்கும், பொறியும் பறக்கும். பார்பிக்யூவுக்கு விற்கிற அச்சுக் கரி வேண்டாம், சாம்பல் அதிகம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று கிலோ கரி போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமையல் கேஸ் தோங்கிலிருந்து, அதாவது சிலிண்டரிலிருந்து, உலை ஓட்டலாமா என்று கேட்பார்கள். அடுப்புக்கான ரெகுலேட்டர் கொடுக்கும் அழுத்தம் போதாது. அதைக் கழற்றி ஏதாவது செய்து பார்ப்பது விளையாட்டில்லை. முதலில் கரியிலேயே பழகுங்கள்.

பட்டடை, சுத்தியல், பிடி

பட்டடை என்றால் கொம்பு வைத்த பெரிய இரும்பு வேண்டும் என்று இல்லை. கனமான, கெட்டியான, தட்டினால் சுத்தியல் துள்ளி எழும் இரும்புக் கட்டி எதுவும் ஆகும். பிறை தொழிற்பேட்டைப் பக்கம் பெசி புரோக் (பழைய இரும்பு) கடைகளில் போர்க்லிப்ட் முட்கரத்தின் துண்டு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 30 செ.மீ. நீளம் போதும். அதைப் படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி, மரக்கட்டையில் பாதி புதைத்து நிறுத்துவது நல்லது. அடி விழும் இடத்துக்கு நேர் கீழே இரும்பு அதிகம் இருந்தால் அடி வீணாகாது. நான்கு கிலோ சம்மட்டித் தலை ஒன்றைக் கட்டையில் பதித்தாலும் கொக்கி அடிக்கலாம். தண்டவாளத் துண்டு நல்ல பட்டடைதான். ஆனால் ரசீது இல்லாத தண்டவாளத்தை வாங்காதீர்கள், அது எங்கிருந்து வந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

உயரம்: நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முட்டி மடக்கினால், விரல் முட்டி தொடும் உயரத்தில் பட்டடையின் மேல்முகம் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோள் போகும், தாழ்ந்தால் இடுப்பு போகும்.

சுத்தியல் 800 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள். ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் பிடிக்குக் குறுக்கே ஆப்பு வடிவிலும் இருப்பது சிறந்தது. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய சுத்தியல், பழைய அரம் எல்லாம் அகப்படும், பிடி மட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். புதுச் சுத்தியலோ பழையதோ, முகத்தின் விளிம்பு கூராக இருந்தால் சாணை கிரைண்டரில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். விளிம்பு கூராக இருக்கிற சுத்தியல் ஒவ்வொரு அடிக்கும் இரும்பில் பிறை வடிவப் பள்ளம் போடும். பிறகு அரம் போட்டு அரைநாள் தேய்த்தாலும் அது போகாது.

குறடு முதலில் வேண்டாம். 60 செ.மீ. நீளக் கம்பியில் வேலை செய்தால் மறுமுனை கையில் பிடிக்கும் சூட்டில்தான் இருக்கும். இரண்டாவது முனைக்கு வரும்போது பூட்டிப் பிடிக்கும் பிளையர் போதும். முதல் நாளே குறடு அடிக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டு பாதியும் ஒன்றுபோல் வர வேண்டிய வேலையைத் தொடக்கத்தில் கொடுப்பது ஆளை விரட்டுகிற வழி.

உடுப்பு, தீ, காயம்

பருத்திச் சட்டை, தடித்த ஜீன்ஸ், தோல் ஷூ. பாலியெஸ்டர் ஜெர்ஸி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சிலிப்பரோடு உலைப் பக்கம் வருகிறவரை அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்கட்டும். சுத்தியல் பிடிக்கும் கையில் உறை போடாதீர்கள், பிடி நழுவும். மறுகைக்குத் தோல் உறை போடலாம், ஆனால் அது நனைந்திருந்தால் உள்ளே ஆவி பிறந்து கை வெந்துவிடும்.

ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு தீயணைப்புக் கருவி. தோய்ச்சலுக்கு வைக்கும் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியைப் போட்டு மூடுங்கள். சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: 400 டிகிரியில் இருக்கும் இரும்பு பார்க்கக் கருப்பாகத்தான் இருக்கும். கீழே கிடக்கும் துண்டைத் தொடுமுன் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள்.

நிறங்கள்

நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு சுமார் 600 முதல் 700 டிகிரி. தெளிந்த சிவப்பு 750 முதல் 800. ஆரஞ்சு 900 முதல் 1000. மஞ்சள் 1100 முதல் 1200. அதற்கு மேல் வெளுத்து, மத்தாப்புப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். அந்த முனையை வெட்டித்தான் எறிய வேண்டும், ஆற வைத்து மீட்க முடியாது.

கடைகளில் கிடைக்கும் சாதாரண மெதுவிரும்பை (மைல்ட் ஸ்டீல்) மஞ்சளில் எடுத்து, ஆரஞ்சு வழியாக அடித்து, சிவப்பு மங்கும்போது நிறுத்துங்கள். ஸ்பிரிங் எஃகுக்கு வரம்பு குறுகல். ஆரஞ்சுக்கு மேல் ஏற்றாதீர்கள், சிவப்புக்குக் கீழே அடிக்காதீர்கள். கரிச்சத்து கூடியதால் அது சீக்கிரம் எரியும், ஆறிய பிறகு அடித்தால் விரிசல் விடும். 200 முதல் 400 டிகிரி வரை, அதாவது ஒளி போய்க் கருப்பான பிறகும் சூடு மிச்சமிருக்கும் நிலையில், மெதுவிரும்பும் நொறுங்கும் குணம் கொள்ளும். "இரும்பு பிடித்தவன் கையும் சிரங்கு பிடித்தவன் கையும் சும்மா இருக்காது" என்பது இந்த இடத்துக்கே சொன்னது மாதிரி இருக்கும். கடைசியாக இரண்டு தட்டு என்று கருத்த கம்பியைத் தட்டத்தான் கை போகும்.

8 மி.மீ. கம்பி உலையை விட்டு வெளியே வந்தால் பத்து விநாடிதான் உங்களுடையது. அதனால் எங்கே, எப்படி, எத்தனை அடி என்பதைக் கம்பி உலையில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். அடிக்கும் நேரம் தவிரக் கம்பியைப் பட்டடையில் படுக்க வைக்காதீர்கள், பட்டடை சூட்டைக் குடித்துவிடும்.

கம்பியை உலையில் வைக்கும் விதமும் முக்கியம். காற்று வாயின் முன்னால் குத்தி வைத்தால் நேர்க்காற்றுப் பட்டுச் செதில் படியும். குழாய் வாய்க்கு மேலே 7, 8 செ.மீ. உயரத்தில் படுக்க வைத்து, மேலே நான்கு விரல் கரி மூடட்டும். வெளியே எடுத்ததும் கம்பி பிரஷால் ஒரு இழுப்பு. இல்லையென்றால் செதில் அடியோடு உள்ளே பதிந்து அம்மைத் தழும்பு விழும்.

எஸ் கொக்கி

8 மி.மீ. உருண்டைக் கம்பி, மெதுவிரும்பு, 60 செ.மீ. வாழைத்தார் தொங்கவிடவோ சமையலறைக் கம்பியில் கரண்டி மாட்டவோ ஆகிற அளவு: உள்வளைவு 35 மி.மீ., முடிந்த நீளம் வளைக்குமுன் சுமார் 21 செ.மீ. இதற்கு 16 செ.மீ. கம்பி போதும். 8 மி.மீ. கம்பியை 3 மி.மீ. முனைக்குக் கூராக்கினால் கூர்ப்பகுதி ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். முனைக்கு 25 மி.மீ. கொடுத்தால் 50 மி.மீ. கிடைக்கும். 16 செ.மீ. இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டுவையுங்கள். சாக்பீஸ் கோடு தீயில் போய்விடும்.

முனையை மஞ்சளாக்கி எடுங்கள். பட்டடையின் எதிர்விளிம்புக்குச் சற்று உள்ளே முனையை வைத்து, கையிலுள்ள பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சுத்தியலும் அதே அளவு சாயட்டும். இரண்டு அடி, கால் சுற்றுத் திருப்பு, இரண்டு அடி, திரும்பப் பழைய நிலை. முதலில் சதுரக் கூர்தான் வர வேண்டும். சதுரம் 3 மி.மீ. ஆன பிறகு நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டை, அதன் பிறகு மெல்லிய அடிகளில் உருண்டை.

உருண்டையாகவே சுற்றிச் சுற்றி அடித்தால் என்ன? மேல்தோல் மட்டும் நகர்ந்து முன்னே போகும், நடு பின்தங்கும். முனையில் மீன் வாய் மாதிரிப் பிளவு தெரியும், உள்ளே நீளத்துக்கும் விரிசல் ஓடும். தொடக்கக்காரர்களிடம் அடிக்கடி பார்க்கிற கோளாறு இது. முனை பிளந்துவிட்டால் அந்த 5 மி.மீ. அளவை வெட்டிவிட்டு மறுபடி சதுரத்திலிருந்து தொடங்குங்கள். மூடி அடித்து ஒட்டப் பார்க்காதீர்கள், ஒட்டாது.

இன்னொரு கோளாறு, சதுரம் சாய்ந்து வைர வடிவம் ஆவது. கால் சுற்று சரியாகத் திருப்பாததுதான் காரணம். அடுத்த சூட்டில் நீண்ட மூலையை மேலே நிறுத்தி ஒரே அடி, பிறகு தட்டை முகங்களில் தொடருங்கள். சாய்ந்ததைச் சாய்ந்தபடியே அடித்துக்கொண்டு போனால் இன்னும் சாயும்.

கூர் வந்ததும் நுனியில் 8 மி.மீ. மட்டும் சிவப்பாக்கி, பட்டடை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கீழே தட்டி, திருப்பி உள்ளே மடக்குங்கள். இந்தச் சின்னச் சுருள் இல்லாவிட்டால் துணியும் கையும் கிழியும். பிறகு கீறல் இடத்தில் அறுத்து, பிளையரால் பிடித்து மறுமுனைக்கும் இதே வேலை.

வளைக்க ஆரஞ்சு போதும். சுமார் 35 மி.மீ. விட்டமுள்ள பூச்சில்லாத உருளையை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) நிறுத்தி, நுனிச் சுருள் வெளியே பார்க்கும்படி கம்பியை அதன் மேல் வைத்து, தட்டித் தட்டித் தள்ளுங்கள். உருளைக்கு நேர் மேலே அடித்தால் கம்பி நசுங்கும். உருளையைத் தாண்டித் தொங்கும் பகுதியில் அடித்தால் வளையும். ஒரு பக்கம் முடிந்ததும் அதைத் தண்ணீரில் முக்கி ஆற்றிவிட்டு, எதிர்த் திசையில் மறுபக்கம். முடிந்த கொக்கியைத் தட்டைப் பரப்பில் படுக்க வையுங்கள், ஆடினால் சிவப்பில் தட்டிச் சமன் செய்யுங்கள்.

கடற்காற்றில் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பிரஷ் போட்டு, கருஞ்சூட்டில் தேன்மெழுகைத் தடவினால் கருப்பு மெருகு நிற்கும். மெழுகு புகைய வேண்டும், பற்றக்கூடாது.

ஒரே அளவில் ஆறு கொக்கி வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

தோசைத் திருப்பி

25 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் தட்டைக் கம்பி. வேண்டிய நீளம் 19 செ.மீ., ஆனால் பிடிக்க வசதியாக நீளக் கம்பியிலேயே தொடங்குங்கள். இதில் 9 செ.மீ. தகட்டுக்கு, 10 செ.மீ. பிடிக்கு. 25க்கு 6 குறுக்குவெட்டை 10க்கு 6 ஆக்கினால் நீளம் இரண்டரை மடங்கு. ஆகவே 10 செ.மீ. இரும்பு 25 செ.மீ. பிடியாகும். தகடு 2 மி.மீ. தடிமனுக்கு வந்தால் 7 செ.மீ. அகலமும் 9 செ.மீ. நீளமும் கிடைக்கும். செதிலில் கொஞ்சம் போகும்.

சாப்பாட்டில் படும் பொருள் என்பதால் புதுக் கம்பியே வாங்குங்கள். பெயின்ட் அடித்தது, முலாம் பூசியது, எங்கே இருந்தது என்று தெரியாத பழைய இரும்பு எதுவும் ஆகாது.

தகட்டை முதலில் அடியுங்கள், பிடி பிறகு. சுத்தியலின் ஆப்பு முகத்தைப் பயன்படுத்தும் இடம் இதுதான். சப்பாத்தி மாவில் குழவி உருளும் திசைக்குத்தான் மாவு நகரும், குழவியின் நீளவாக்கில் நகராது. ஆப்பு முகமும் அப்படியே. ஆப்பு கம்பியின் நீளவாக்கில் கிடக்கும்படி அடித்தால் இரும்பு இரு பக்கமும் அகலும். குறுக்கே அடித்தால் நீளும். இங்கே வேண்டியது அகலம், ஆகவே சுத்தியலைப் பிடிக்கும் நிலையை மாற்றி, பட்டடையின் பக்கவாட்டில் நின்று அடியுங்கள். நடுக்கோட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரிசையாக ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தில் தொடங்கினால் ஓரம் மெலிந்து அலை அலையாகச் சுருங்கும், நடுவில் மேடு நிற்கும். ஒரு சூடு ஆப்பு முகம், அடுத்த சூடு தட்டை முகத்தால் வரிகளைச் சமன் செய்வது என்று மாற்றி மாற்றிப் போகட்டும்.

தகடு 4 மி.மீ.க்குக் கீழே வந்த பிறகு கவனம் இரட்டிப்பாக வேண்டும். மெல்லிய இரும்பு உலையில் கண்மூடித் திறப்பதற்குள் மஞ்சளாகிவிடும், வெளியே வந்தால் ஐந்து விநாடியில் கருத்துவிடும். காற்றைப் பாதியாகக் குறைத்து, தகட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி, கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். கைப்பேசி வந்தால் அடிக்கட்டும். மெல்லிய தகட்டில் மூலைதான் முதலில் எரியும்.

தகடும் பிடியும் சேரும் கழுத்தில் திடீரென்று படி விழுந்தால் அடுத்தடுத்த அடிகளில் அது மடிந்து உள்ளே விரிசலாகும். கழுத்தைப் பட்டடையின் உருட்டிய விளிம்பில் வைத்து, சரிவாக ஒடுங்க விடுங்கள். கூர் விளிம்பில் வைக்காதீர்கள். மடிப்பு விழுந்தது தெரிந்தால் உடனே நிறுத்தி, ஆறவைத்து, அரத்தால் அதை முழுவதும் எடுத்துவிட்டே தொடர வேண்டும்.

பிடியை 10க்கு 6 ஆக நீட்டி, கடைசி 6 செ.மீ. முனையைக் கூராக்கிப் பின்பக்கம் வளையமாகச் சுருட்டுங்கள். மாட்டவும் ஆகும், கையும் நழுவாது. கழுத்தில் 25, 30 டிகிரி மேல்நோக்கி வளைத்தால் தோசைக்கல்லில் தகடு படுத்திருக்கும்போது விரல் கல்லைத் தொடாது. தகட்டின் முன்விளிம்பை மேல்பக்கம் மட்டும் அரத்தால் சாய்த்து ஒரு மி.மீ.க்கு மெலிதாக்குங்கள், அடிப்பக்கம் சமமாக இருக்க வேண்டும். நெளிந்திருந்தால் மங்கிய சிவப்பில் மரக்கட்டை மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டுங்கள்.

சமையல் வினிகரில் ஒரு இரவு ஊறவைத்தால் செதில் இளகும். காலையில் பிரஷ் போட்டு, கழுவி, உடனே அடுப்பில் காயவைக்கவும். பிறகு தோசைக்கல்லைப் பழக்குவது போலவே: சூடாக்கி, நல்லெண்ணெயோ சோயா எண்ணெயோ மெல்லியதாகத் தடவித் துடைத்து, புகை நிற்கும்வரை காய்ச்சுவது, இதே மூன்று நான்கு முறை. செம்பனை எண்ணெய் இதற்குச் சரிப்படாது. அது இறுகிப் படலம் ஆகாமல் பிசுபிசுவென்று நிற்கும். அதற்கு வேறு வேலை இருக்கிறது.

உளி

கார் ஒர்க்‌ஷாப்பில் மாற்றிப்போட்ட 12 மி.மீ. கம்பிச் சுருள் ஸ்பிரிங் வாங்குங்கள். ஷாக் அப்சார்பரோடு சேர்ந்ததாக இருந்தால் அவர்களையே கழற்றித் தரச் சொல்லுங்கள். இறுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் எலும்பு முறியும். மூடிய ஷாக் குழாயை உலையில் போட்டால் வெடிக்கும். கம்பியைக் கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள். மெதுவிரும்பின் பொறி நீளமாக, கோடாகப் போகும். ஸ்பிரிங்கின் பொறி பாதி வழியில் பூவாக வெடித்துக் கிளை விடும்.

12 செ.மீ. விட்டமுள்ள சுருளில் அரைச் சுற்று வெட்டினால் 19 செ.மீ. கிடைக்கும். ஆரஞ்சாக்கி, வளைவின் முதுகு மேலே இருக்க வைத்துத் தட்டி நிமிர்த்துங்கள். முன்னால் 5 செ.மீ. பகுதியை இரண்டு பக்கம் மட்டும் அடித்து, விளிம்பில் 3 மி.மீ. வரும்படி ஆப்பாக்குங்கள். பக்கவாட்டில் 16, 18 மி.மீ. அகலத்துக்கு மேல் விரிந்தால் நிமிர்த்தி ஓரத்தைத் தட்டுங்கள். இந்த எஃகு மெதுவிரும்பைவிட முரடு. நகரவில்லை என்று ஆறிய பிறகு ஓங்கி அடிக்காமல், இன்னொரு சூடு கொடுங்கள்.

வடிவம் வந்ததும் மூன்று முறை தெளிந்த சிவப்பாக்கி, காற்றில் தானாகக் கருக்க விடுங்கள். அடித்ததில் தேங்கிய இறுக்கம் தளர்ந்து எஃகின் உள்ளே இருக்கும் படிக மணிகள் சன்னமாகும். இதை விட்டுவிட்டுத் தோய்த்தால் வளையும், விரிசல் விடவும் கூடும். ஆறிய பிறகு இரு பக்கமும் சேர்ந்து 60 டிகிரி வரும்படி விளிம்பைத் தேயுங்கள், ஆனால் ஒரு மி.மீ. மொட்டையாக விட்டுவையுங்கள். கூரான விளிம்பு முதலில் எரியும், முதலில் விரிசல் விடும். தலைப்பக்கத்தின் ஓரங்களைச் சாய்த்துவிடுங்கள்.

இனி செம்பனை எண்ணெய். 12 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள இரும்பு டப்பாவில் இரண்டரை லிட்டர். மூடி பக்கத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் வேண்டாம். பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம், அதன் புகை நச்சு. காய்ச்சிய இரும்புத் துண்டு ஒன்றை உள்ளே விட்டு எண்ணெயை 50, 60 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். சூடான எண்ணெய் இளகி ஓடும், இரும்பை ஒரே சீராக ஆற்றும். தண்ணீர் இந்த எஃகுக்கு அதிவேகம், விரிசல் விழும் வாய்ப்பு அதிகம்.

உளியின் முன்பகுதி 4, 5 செ.மீ. மட்டும் காய வேண்டும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் ஒரு சாயல் வெளிற விட்டு, உடனே நுனி கீழாக, நேர்க்குத்தாக, முழுவதும் எண்ணெய்க்குள் இறக்குங்கள். பாதி வெளியே நின்றால் எண்ணெய் பற்றும். மேலும் கீழும் அசைக்கலாம், பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். அரை நிமிடம் கழித்து எடுத்து, விளிம்பில் பழைய அரத்தை வையுங்கள். கடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் ஏறிவிட்டது. கடித்தால் சூடு போதவில்லை, மறுபடியும் செய்யுங்கள்.

இந்த நிலையில் உளி கடினமாக இருக்கும், ஆனால் கீழே போட்டாலே உடையலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காமல், அந்த மணி நேரத்துக்குள் பதம் இறக்குங்கள், அதாவது மறுபடி அளவாகச் சூடாக்கிக் கடினத்தைக் கொஞ்சம் குறையுங்கள். முன்பகுதியைச் சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவி, உப்புத்தாளால் வெள்ளியாகத் தேயுங்கள். எண்ணெய்ப் படலம் மிச்சமிருந்தால் அது பொய் நிறம் காட்டும். தடித்த இரும்புக் கட்டியொன்றைச் சிவக்கக் காய்ச்சி, அதன் மேல் உளியின் நடுப்பகுதி படும்படி, விளிம்பு வெளியே நீட்டி வையுங்கள்.

இப்போது வருகிற நிறம் ஒளி அல்ல, தேய்த்த பரப்பில் படரும் மெல்லிய படலத்தின் நிறம். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி முதலில் வெளிர் மஞ்சள் நகரும், சுமார் 205 டிகிரி. பின்னாலேயே அடர் மஞ்சள் 230, பழுப்பு 250, ஊதா 275, நீலம் 295. கத்தி விளிம்புக்கு மஞ்சள் போதும். அடி வாங்கும் உளிக்கு ஊதா வேண்டும். ஊதா விளிம்பைத் தொட்டு, பின்னால் நீலம் நிற்கும்போது தண்ணீரில் முக்குங்கள். வேகமாக ஓடினால் கட்டியிலிருந்து தூக்கிப் பிடித்து நிதானப்படுத்தலாம். நீலம் விளிம்பைத் தாண்டி வெளிறிவிட்டால் மெதுவாகிவிட்டது, தோய்ச்சலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கடைசிக் கூர்மையைச் சாணைக்கல்லிலோ, நொடிக்கொரு தரம் தண்ணீரில் தொட்டுக் கிரைண்டரிலோ போடுங்கள். கிரைண்டரில் விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. பயன்படுத்தும்போது விளிம்பு சில்லுச் சில்லாக உதிர்ந்தால் பதம் போதுமான அளவு இறங்கவில்லை, இன்னொரு முறை ஊதா வரை கொண்டு வாருங்கள். மடங்கினால் தோய்ச்சலே ஏறவில்லை, அல்லது பதம் அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது.

அடுத்த கொக்கிக் கம்பியை இந்த உளியாலேயே சூட்டில் வெட்டலாம். அடியில் ஒரு மெதுவிரும்புத் தகடு வைத்துக்கொள்ளுங்கள், பட்டடையில் நேராக இறங்கினால் விளிம்பு போகும். இரண்டு மூன்று அடிக்கு ஒரு முறை எடுத்துத் தண்ணீரில் தொடுங்கள், சூடான கம்பிக்குள்ளேயே நின்றால் பதம் இறங்கிவிடும். தலை நாளடைவில் விரிந்து ஓரம் கிழிந்து வரும். அந்தச் சில்லுகள் தெறித்தால் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து, விரிந்தது தெரிந்த அன்றைக்கே அரைத்து எடுத்துவிடுங்கள்.